வில்லன் ஓயாமல் பேசுகிறான்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

வீடியோ கேமில் ஒரு வாயாடி வில்லனைப் படைப்பது துணிச்சலான காரியம். திரையில் தோன்றாமலேயே, ரேடியோவிலும் ஒலிபெருக்கியிலும் குரலாக மட்டும் வந்து, விளையாடுபவரைச் சீண்டியும் பாராட்டியும் ஏசியும் மணிக்கணக்கில் உடன்வருகிற அப்படியொரு பாத்திரம் சரியாக அமைந்துவிட்டால், கதாநாயகனின் பெயரை மறந்தவர்கள்கூட அந்தக் குரலை மறப்பதில்லை. சரியாக அமையாவிட்டால், அதே குரலுக்காக அமைப்புகள் பக்கத்துக்குப் போய் வசன ஒலியைக் குறைத்துவிடுகிறார்கள். வசனம் எழுதி, குரல் பதிவும் முடித்து, சோதனை ஆட்டத்தில் ஏதோ இடிக்கிறது என்று உணர்ந்து நிற்பவர்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

"வசனத்தைப் பாதியாகக் குறையுங்கள்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் மருந்து. அவசரப்பட்டு அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பேசுகிறவனுக்கு விளையாடுபவரிடமிருந்து ஏதாவது தேவைப்படும்வரை அவன் எவ்வளவு பேசினாலும் கேட்கலாம். எதுவும் தேவைப்படாதவன் நான்கு வரி பேசினாலும் அலுப்புத் தட்டிவிடும். ஆகவே கீழே வரும் பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர், அவன் நோக்கத்தில்தான் இருக்கிறது.

விளக்குவதற்கு வசதியாக ஒரு வில்லனைக் கற்பனை செய்துகொள்வோம். அவன் பெயர் மௌனாதிபதி. உலகத்தின் ஓசை அனைத்தையும் ஓர் இயந்திரத்தால் உறிஞ்சி அழித்து, நிரந்தர அமைதியை நிலைநாட்டுவது அவன் திட்டம். அந்தத் திட்டத்தை நகரெங்கும் நட்டுவைத்த ஒலிபெருக்கிகளில் காலை முதல் இரவு வரை விளக்கிக்கொண்டே இருக்கிறான். அவனை எதிர்ப்பவள் மணிகளைப் பழுதுபார்க்கும் ஒரு பெண். உடைந்த மணிகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்து அடிப்பதுதான் விளையாடுபவர் அவளாக இருந்து செய்ய வேண்டிய வேலை.

அறிகுறி: பேச்சு தொடங்கியதும் விளையாடுபவர் ஸ்கிப் பொத்தானைத் தேடுகிறார்

எழுத்தைத் தொடுவதற்கு முன் இயந்திரப் பக்கத்தைப் பாருங்கள். பேச்சு நடக்கும்போது விளையாடுபவரின் கையிலிருந்து கட்டுப்பாடு பறிக்கப்படுகிறதா? செக்பாயின்ட், அதாவது தோற்றவர் மீண்டும் தொடங்கும் இடம், பேச்சுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? 2002ஆம் ஆண்டு வெளிவந்த முதல் கிங்டம் ஹார்ட்ஸ் கேமில் காட்சிகளைத் தாண்டிச் செல்லும் வசதியே கிடையாது. கடினமான சண்டைகளில் தோற்றவர்கள், முன்னால் வரும் உரையாடலை ஒவ்வொரு முறையும் முழுமையாகக் கேட்டே மீண்டும் போராட வேண்டியிருந்தது. எவ்வளவு நல்ல வசனமும் அந்தத் தண்டனையைத் தாங்காது. செக்பாயின்ட்டைப் பேச்சுக்குப் பின்னால் நகர்த்துங்கள். ஸ்கிப் வசதியைத் தயங்காமல் கொடுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் விளையாடுபவர் பொத்தானைத் தேடினால் பழுது வசனத்தில் இருக்கிறது. அந்தப் பேச்சை எடுத்து, கேமின் வேறெந்த இடத்திலாவது அப்படியே ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் பொருந்துகிறது என்றால், விளையாடுபவர் சற்றுமுன் செய்த செயலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை என்று பொருள். மௌனாதிபதியின் முதல் வரைவு இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்:

"அறிவிலிகளே, கேளுங்கள்! இந்த உலகம் ஓசையால் அழுகிவிட்டது. அமைதியின் யுகத்தை நான் படைக்கப்போகிறேன். என்னைத் தடுக்க எவராலும் முடியாது!"

இதை எந்த வில்லனும் எந்த நிலையிலும் பேசலாம். திருத்திய வடிவம்:

"மூன்றாவது மணியையும் ஒட்டிவிட்டாய். நேர்த்தியான வேலை. அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் நில். அமைதி ஏன் தேவை என்பதற்கு நேற்று நான் சொன்ன காரணங்களில் பதினேழாவதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதாவது... அடித்துவிட்டாயா? பரவாயில்லை. முதல் காரணத்திலிருந்து தொடங்குகிறேன்."

இரண்டாவது பேச்சு முதலாவதைவிட நீளமானது என்பதைக் கவனியுங்கள். ஆனால் அதில் மணி இருக்கிறது, அதை ஒட்டிய கை இருக்கிறது, "நில்" என்ற வேண்டுகோளும் அது மீறப்படுவதும் இருக்கின்றன. விளையாடுபவர் மணியை அடிக்கும் நொடியில் பேச்சு முறிய வேண்டும் என்பதால், அந்த முறிவை நிரல் எழுதுபவரோடு சேர்ந்து உட்கார்ந்து அமைக்க வேண்டும்.

அறிகுறி: நிறையப் பேசுகிறான், ஆனாலும் அவனுக்கு என்ன வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை

பழுதுகளில் இதுவே பெரியது. கண்டுபிடிக்க எளிய வழி, சோதனை ஆட்டம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பது: "இவனுக்கு என்ன கிடைத்தால் பேச்சை நிறுத்துவான்?" விளையாடியவர் "உலகை ஆள வேண்டும் போல" என்று இழுத்தால் நோக்கம் அவரிடம் போய்ச் சேரவில்லை.

வில்லனின் நோக்கம் இரண்டு அடுக்குகளாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மேலே இருப்பது அவன் சொல்லும் காரணம். கீழே இருப்பது அவன் உண்மையில் ஏங்கும் பொருள். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் சிரிப்பும் பயமும் பிறக்கின்றன. 2012இல் வெளிவந்த பார்டர்லேண்ட்ஸ் 2 கேமின் ஹேண்ட்சம் ஜாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளைக்காரர்கள் நிறைந்த ஒரு கிரகத்துக்கு நாகரிகத்தைக் கொண்டுவரும் நாயகன் தானே என்பது அவன் சொல்லும் காரணம். நம்மையும் கொள்ளைக்காரர் என்றே அழைக்கிறான். ஆனால், கேமின் தொடக்கப் பகுதியிலேயே அவன் நம்மைத் தொடர்புகொண்டு, எதையோ நொறுக்கித் தின்றபடி, வைரத்தாலான குதிரை ஒன்றைத் தான் வாங்கியிருப்பதையும் அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசிப்பதையும் சொல்கிறான். அந்த அழைப்பால் கதை ஓரங்குலமும் நகர்வதில்லை. ஆனால் தன் செல்வத்தை எதிரி பார்த்துப் பொருமாவிட்டால் இவனுக்கு அது செல்வமே அல்ல என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. இவ்வளவு வசதி படைத்தவன், தான் அற்பமென்று கருதும் ஒருவரிடம் ஏன் வலிய வந்து பேசுகிறான்? அவர்கள் வாயால் தானே நாயகன் என்ற ஒப்புதல் அவனுக்கு வேண்டியிருக்கிறது. அவன் பேச்சு முழுவதையும் இயக்குவது அந்தத் தேவைதான்.

நோக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லியும் நிலைநிறுத்தலாம். தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா வரிசையில் 2002இல் வந்த தி விண்ட் வேக்கர் கேமின் கேனன்டார்ஃப், இறுதிச் சண்டைக்கு முன் தன் பாலைவன நாட்டைப் பற்றிச் சில வாக்கியங்கள் மட்டும் பேசுகிறான். பகலில் சுடும் காற்றும் இரவில் உறைய வைக்கும் காற்றும் தன் மக்களுக்குச் சாவையே கொண்டுவந்தன என்றும், அண்டை நாட்டில் வீசிய காற்றோ வேறொன்றைக் கொண்டுவந்தது என்றும், அந்தக் காற்றுக்குத்தான் தான் ஆசைப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறான். அதிகாரம், பழிவாங்கல் போன்ற பொதுச் சொற்களை நம்பியிராமல், தோலில் படும் காற்றைப் பற்றிப் பேசியதால் அது நிலைக்கிறது. உங்கள் வில்லனின் வசனத் தாளில் "விதி", "யுகம்", "ஒழுங்கு", "சக்தி" போன்ற சொற்களை அடிக்கோடிட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மூன்றுக்கு மேல் இருந்தால், ஒவ்வொன்றின் இடத்திலும் கையால் தொடக்கூடிய, அல்லது காதால் கேட்கக்கூடிய ஒரு பொருளை வைத்து எழுதுங்கள்.

மௌனாதிபதிக்கு வருவோம். அமைதி என்பது அவன் சொல்லும் காரணம். அவன் உண்மையில் ஏங்குவது, தன் பேச்சை யாராவது ஒருவர் கடைசி வாக்கியம்வரை கேட்க வேண்டும் என்பதற்கு. ஊரின் இரைச்சலில் தன் குரல் எடுபடாததால், தன் குரலைத் தவிர மற்ற எல்லா ஒலிகளையும் அழிக்கப் புறப்பட்டிருக்கிறான். இதை அவன் ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அவனுக்கே தெரிந்திருக்கவும் கூடாது. அமைதியின் மேன்மையைப் பற்றி அவன் மூச்சுவிடாமல் பேசுகிறான் என்ற ஒரு காட்சியே போதும். விளையாடுபவர் தானாகக் கண்டுபிடித்துச் சிரிப்பார். கண்டுபிடிக்கும் அந்த இன்பத்தை, விளக்க வசனம் எழுதி அவரிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.

அறிகுறி: "இவன் ஏன் உடனே கொன்றுவிடவில்லை?" என்று கேட்கிறார்கள்

கேள்வி நியாயமானதே. ஆயிரம் பொறிகளும் படைகளும் உள்ளவன், எதிரி எங்கே நிற்கிறார் என்று தெரிந்தும் பேசிக்கொண்டிருப்பது, காரணம் அமையாவிட்டால் எழுதியவரின் சோம்பலாகத் தெரியும். "அவன் திமிர் பிடித்தவன்" என்பது போதுமான பதில் ஆகாது. ஒரு முறை தோற்ற திமிர் இரண்டாம் முறை பாடம் கற்றிருக்க வேண்டும்.

மேலே கண்ட கீழடுக்கு நோக்கம் சரியாக அமைந்திருந்தால் இந்தப் பழுது தானாகவே நீங்கும். மணி பழுதுபார்ப்பவள் நகரின் எல்லா ஒலிபெருக்கிகளையும் கடந்து வருகிறாள். அப்படியானால், அவன் உரையை வரிசையாகக் கேட்டிருக்கும் முதல் ஆள் அவள்தான். அவளைக் கொன்றால் அவையே காலியாகிவிடும். இதை வசனமாக எழுதாமல் விளையாட்டு விதியாக ஆக்குங்கள்: அவன் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை பொறி இயங்காது. நீளமான வாக்கியம் என்றால் தப்பிக்க நேரம் அதிகம். விளையாடுபவர் ஒலிபெருக்கியின் அருகே நின்று முழுவதும் கேட்டால், அடுத்த பொறியை இயக்கவே அவன் மறந்துபோகிறான். இப்போது அவன் வளவளப்பு விளையாடுபவருக்கு ஆயுதமாகிறது. பேச்சு எப்போது முடியும் என்று காத்திருந்தவர், முடிந்துவிடக் கூடாதே என்று உற்றுக் கேட்கத் தொடங்குவார்.

அறிகுறி: வில்லன் நகைச்சுவை செய்கிறான், யாரும் சிரிப்பதில்லை

தன் பேச்சு வேடிக்கையானது என்று வில்லனுக்குத் தெரிந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். அவன் கண்சிமிட்டத் தொடங்கியதும் அவனுக்கு எதுவும் முக்கியமில்லை என்று ஆகிவிடுகிறது. அவனுக்கு முக்கியமில்லாதது நமக்கு மட்டும் ஏன் முக்கியமாக வேண்டும்?

2007ஆம் ஆண்டின் போர்ட்டல் கேமில் வரும் கிளாடோஸ் என்ற கணினி ஒரு நகைச்சுவைத் துணுக்கையும் துணுக்காகச் சொல்வதில்லை. ஆய்வுக்கூடத்தின் அறிவிப்பு மொழியில், வெகு பொறுப்பாகப் பேசுகிறது. சோதனைகளை முடித்தால் கேக் கிடைக்கும் என்று வாக்களித்துவிட்டு, கடைசியில் விளையாடுபவரை நெருப்புக் குழிக்குள் அனுப்புகிறது. அவர் தப்பித்ததும், கொலை செய்யப்போவதுபோல் நாங்கள் பாவனை செய்த அந்தக் கடைசிச் சோதனையில் நீங்கள் தேறியது மகிழ்ச்சி என்ற பொருள்படத் தெரிவிக்கிறது. அங்கே நாம் சிரிப்பதற்குக் காரணம், அதன் அவசரமும் அதன் நிதானமான குரலும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதுதான். ஓடிப்போன கைதி திரும்பி வந்தாக வேண்டும். ஆனால் கெஞ்சவும் கூடாது.

2011இல் வந்த போர்ட்டல் 2 இன்னொரு வழியைக் காட்டுகிறது. ஆய்வுக்கூடத்தைக் கைப்பற்றும் வீட்லி என்ற உருண்டைக் கருவி, தான் அறிவாளி என்று நிறுவுவதற்காகவே பேசிக்கொண்டிருக்கிறான். முட்டாள் என்ற ஒரு சொல் அவனை நிலைகுலைய வைக்கிறது. அவன் உளறல் ஒவ்வொன்றும் அந்தக் காயத்தை மூடும் முயற்சி என்பதால், எவ்வளவு நீண்டாலும் அது திசைதப்புவதில்லை.

பழுது நீக்க, வில்லனின் வசனங்களிலிருந்து அவன் வேண்டுமென்றே சொல்லும் நகைச்சுவைகளை முதலில் எடுத்துவிடுங்கள். பிறகு மீதமுள்ளதை, நகைச்சுவை என்றே அறியாத ஒருவர் போலப் பேசும்படி குரல் நடிகரிடம் கேளுங்கள். மௌனாதிபதியின் "பதினேழாவது காரணத்தில் ஒரு திருத்தம்" என்ற வரியை, பிழைதிருத்தும் அறிஞரின் கவலையோடு பேச வேண்டும். சிரிப்பை வலியுறுத்தும் பின்னணி இசை போட்டிருந்தால் அதையும் நீக்குங்கள்.

அறிகுறி: தோற்றுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதே வசனம்

முதல் முறை பயமுறுத்திய வரி நான்காம் முறை சாவி கொடுத்த பொம்மையின் பேச்சாகிவிடும். வில்லனுக்கு நினைவாற்றல் இல்லை என்று காட்டிவிட்டால், அவன் நோக்கமும் பொய்யாகிவிடும். பேசப்பட்ட வசனத்துக்கு ஒரு குறி இடுங்கள். விளையாடுபவர் எத்தனை முறை, எதனால் தோற்றார் என்பதைச் சேமியுங்கள். அடுத்த வசனத்தை அந்தத் தகவலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 2020இல் முழுமையாக வெளியான ஹேடீஸ் கேம் சாவையே கதையின் அடுத்த படியாக அமைத்திருக்கிறது. எதிரிகள் முந்தைய சண்டையில் வென்றதையும் தோற்றதையும் நினைவில் வைத்துப் பேசுகிறார்கள். 2015இன் அண்டர்டேல் கேமில், ஒரு பாத்திரத்தைக் கொன்றுவிட்டு, மனம் மாறி, முன்பு சேமித்துவைத்த நிலைக்குத் திரும்பிப் போய் அதைக் காப்பாற்றினாலும், ஃப்ளவி என்ற பூ நீங்கள் முதலில் செய்ததைத் தான் அறிவதாகச் சொல்லிக்காட்டுகிறது. ஒரே ஒரு நிபந்தனையால் எழுப்பப்படும் அந்த வசனம் உண்டாக்கும் திகிலுக்கு, நீண்ட மிரட்டல் உரை எதுவும் ஈடாகாது.

வசதி குறைந்த சிறு குழு என்றால் ஒவ்வொரு பாஸ் சண்டைக்கும் (பெரிய எதிரியோடு நடக்கும் சண்டைக்கும்) மூன்று நிலைகள் போதும்: முதல் சந்திப்புக்கு முழுப் பேச்சு, இரண்டாவதற்கு, தோல்வியைக் குறிப்பிடும் ஒரு வரி, அதன்பின் ஓரிரு சொற்கள் அல்லது ஒரு பெருமூச்சு.

அறிகுறி: சண்டைச் சத்தத்தில் பேச்சு காதில் விழவில்லை

வசனம் ஒலிக்கும்போது மற்ற ஒலிகள் தாமாகத் தாழும்படி ஒலிக்கலவையை அமையுங்கள். சப்டைட்டிலை ஒரு நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மிகாமல் வையுங்கள். கதைக்குத் தேவையான செய்தியைச் சண்டையின் உச்சத்தில் சொல்லவே சொல்லாதீர்கள். சீண்டலுக்குத்தான் அது இடம். ஒரு வசனம் முடிவதற்குள் அடுத்ததை ஒலிக்க வைக்கும் ட்ரிக்கர் எழுந்தால், எது முக்கியமோ அது மட்டும் ஒலிக்க வேண்டும். மற்றது வரிசையில் காத்திருந்து காலம் கடந்தபின் ஒலிப்பதைவிட அடியோடு கைவிடப்படுவதே மேல்.

அறிகுறி: பழகிவிட்டான், பயம் போய்விட்டது

பல மணி நேரம் காதருகே பேசும் எவரும் நண்பராகிவிடுவார்கள். இது பேச்சின் இயல்பு. முழுவதும் குறையும் அல்ல. ஆனால் கேமின் மூன்றாம் பகுதியிலும் வில்லனின் குரல் முதல் பகுதியின் சுருதியிலேயே இருந்தால், நடப்பது எதுவும் அவனைத் தொடவில்லை என்றாகும். ஹேண்ட்சம் ஜாக்கின் வாழ்வில் ஒரு பேரிழப்பு நேர்ந்தபின் அவன் பேச்சில் கேலி வடிந்து, வெறும் வன்மம் மிஞ்சுகிறது. அதுவரை கேட்டுப் பழகிய கேலியே அந்த மாற்றத்துக்கு எடை தருகிறது. ஆகவே, அவன் பேச்சில் வழக்கமாக இருக்கும் ஓர் அம்சத்தைத் தேர்ந்து, நோக்கத்தில் அடிபடும் இடத்தில் அதை மட்டும் எடுத்துவிடுங்கள். மௌனாதிபதி காரணங்களுக்கு எண் கொடுத்துப் பேசுபவன். ஒரு பெரிய மணி ஒலித்து அவன் இயந்திரத்தின் பாதி உடைந்தபின், அவன் எண்களைச் சொல்வதை நிறுத்த வேண்டும். அதற்கு மேல் வேறு எதுவும் அங்கே தேவையில்லை.

அறிகுறி: விளையாடுபவர் பதில் பேச விரும்புகிறார், கேம் இடம் தரவில்லை

இந்த அறிகுறி தென்பட்டால் மகிழ்ச்சி அடையுங்கள்; வில்லனின் வாதம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. 1997இன் ஃபால்அவுட் இதற்குக் கொடுத்த பதில் இன்றும் வியக்க வைக்கிறது. மனிதர்களை மரபுமாற்றம் செய்து ஒரே இனமாக்கினால் போர் ஒழியும் என்று நம்பும் மாஸ்டரிடம், அந்தப் புதிய இனத்தால் பிள்ளை பெற முடியாது என்ற ஆதாரத்தைத் தேடி எடுத்துக் காட்டினால், அவன் தன் திட்டம் பொய்த்ததை ஏற்றுக்கொண்டு தன்னைத்தானே அழித்துக்கொள்கிறான். ஒரு தோட்டாவும் தேவைப்படுவதில்லை. அவன் உண்மையாகவே தன் நோக்கத்தை நம்பியதால்தான் அது முடிகிறது. உங்கள் வில்லனின் வாதத்தில் எந்த ஒரு உண்மை வெளிப்பட்டால் அவன் திட்டம் சரியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால், அவன் நோக்கத்தை நீங்கள் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

அறிகுறி: சாகும்போதும் பேச்சு நிற்கவில்லை

இறுதி உரையில் வில்லன் தன் திட்டத்தை மறுபடி விளக்கினால் உடனே வெட்டுங்கள். அது விளையாடுபவருக்கு ஏற்கெனவே தெரியும். அங்கே மிஞ்ச வேண்டியது கீழடுக்கு ஏக்கம் ஒன்றே. அது நிறைவேறுகிறதா, மறுக்கப்படுகிறதா என்பதை விளையாடுபவரிடமே விட்டுவிடுங்கள். கடைசி மணியின் கயிறு அவள் கையில் இருக்கிறது. மௌனாதிபதி தன் முழு உரையைத் தொடங்குகிறான். நான்கு நிமிட உரை என்றால் நான்கு நிமிடமும் எழுதிப் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் முழுவதும் கேட்க நிற்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். கயிற்றை எந்த நொடியிலும் இழுக்கலாம் என்பதால், உரையை ஒரே ஒலிக்கோப்பாக வைக்காமல் வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து வையுங்கள். சொல்லின் நடுவே மணி அடித்தால் குரல் மங்கி மறையாமல் அந்த எழுத்திலேயே அறுபட வேண்டும். உரை முழுவதும் முடிந்தபின் கயிற்றை இழுப்பவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரியைப் பதிவு செய்துகொள்ளுங்கள்: "கேள்விகள் ஏதாவது உண்டா?"